காது மெஷினுக்கு டிவி பெட்டி: மூன்று வாரம் பட்ட பாடு

ஆறு வருஷமாக இரண்டு காதிலும் மெஷின் போடுகிறேன். போன வருஷம் ப்ளூடூத் உள்ள ஜோடிக்கு மாறினேன். இரண்டு மாதம் முன்பு, டிவி சத்தத்தை நேராகக் காதுக்கு அனுப்பும் பெட்டியையும் அதே கடையில் 16,000 ரூபாய்க்கு வாங்கினேன். எனக்கு வசனம் புரிய சத்தத்தை 40க்கு ஏற்றினால் வீட்டுக்காரருக்குத் தலைவலி வந்துவிடும். அதற்காகத்தான் வாங்கினேன்.

முதல் நாளே சிக்கல். பெட்டியின் பின்னால் உள்ள பொத்தானை அமுக்கிவிட்டு, மெஷினின் பேட்டரிக் கதவைத் திறந்து மூட வேண்டும். அதிலிருந்து மூன்று நிமிஷம்தான் இரண்டும் ஒன்றையொன்று தேடும். நகக்கண் அளவுக் கதவு அது. இடது காதில் டிங் டிங் என்று சத்தம் வந்தது, வலதில் ஒன்றுமில்லை. திரும்பவும் திறந்து மூடினால் வலது சேரும், இடது போய்விடும். ஒரு சாயங்காலம் முழுக்க இப்படியே போனது. கையேட்டில் படம் மட்டும்தான். சேராததற்குக் காரணம் என் போன் என்று பிறகுதான் தெரிந்தது! கதவை மூடியதும் அதிலுள்ள ப்ளூடூத் முந்திக்கொண்டு மெஷினைப் பிடித்துக்கொள்கிறது. போனில் ப்ளூடூத்தை அணைத்தேன், இரண்டு காதும் ஒரே தடவையில் சேர்ந்தன.

அப்புறம் இன்னொன்று. செய்தி சேனலில் சத்தம் வந்தது, சினிமா சேனலுக்கு மாற்றினால் மௌனம். பெட்டி கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே நன்றாகவே வேலை செய்தது. கடைசியில் பக்கத்து வீட்டுப் பையன் டிவி செட்டிங்கைத் திறந்து பார்த்தான். டிவியையும் பெட்டியையும் இணைக்கும் ஆப்டிகல் வயர் வழியாக, டால்பி என்ற சுருக்கிய வகைச் சத்தம் போனால் இந்தப் பெட்டிக்குப் புரியாது. 'பிசிஎம்' என்ற சுருக்காத சாதாரண வகைக்கு மாற்றியதும் எல்லா சேனலும் வந்துவிட்டது. இந்த ஒரு வரியை அட்டைப்பெட்டி மேலேயே அச்சடித்திருக்கலாம்.

ஆனால் எனக்கு உண்மையாகக் கோபம் வந்தது போன் விஷயத்தில்தான். "ப்ளூடூத் இருக்கிற எந்தப் போனும் சரிதான்மா" என்றார் கடைக்காரர். என் ஆண்ட்ராய்டு போனிலுள்ள ஆப் மெஷினைக் காட்டும், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். மகள் கூப்பிட்டால் அவள் குரல் மட்டும் காதுக்கு வராது. கட்டளை போவது ஒரு வழி, குரல் போவது வேறு வழி. ஐபோனோடு நேராகப் பேசும் மெஷின்கள் 2014லேயே வந்துவிட்டன. ஆண்ட்ராய்டில் அந்த வசதி 2019ல், பத்தாம் பதிப்பில்தான் வந்தது, அதுவும் எல்லாப் போனிலும் இல்லை. என் போனில் இல்லை. அதற்குத் தனியாக, போன் குரலை வாங்கி மெஷினுக்கு அனுப்பும் ஒரு கிளிப் மைக் வாங்க வேண்டுமாம். மெஷின் வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டாமா?

சேர்ந்த பிறகு பெட்டி அருமை, அதையும் சொல்லத்தான் வேண்டும். வசனம் காதுக்குள் பேசுவதுபோல் கேட்கிறது. டிவி சத்தம் 12ல் இருக்கிறது, வீட்டுக்காரர் பக்கத்திலேயே பேப்பர் படிக்கிறார். கச்சேரி கேட்டால் பாடுபவர் மூச்சு வாங்குவதுகூடத் தெரிகிறது. மிருதங்கத்தில் கனமான சத்தம் தரும் தொப்பிப் பக்கம் மட்டும் மெலிந்து வருகிறது. என் மெஷினில் காதுக்குள் போகும் ரப்பர் திறந்த வகை, கனமான சத்தம் அதன் வழியே வெளியே கசிந்துவிடும். ஏழு நாள் ஓடிய 312 நம்பர் பேட்டரி இப்போது ஐந்து நாளில் தீர்கிறது. சமையலறைக்குப் போனால் சத்தம் விட்டுவிட்டு வரும்.

வாங்கப் போகிறவர்கள் உங்கள் போனையே கடைக்கு எடுத்துப் போங்கள். மெஷினைக் காதில் மாட்டிக்கொண்டு, வீட்டிலிருந்து யாரையாவது கூப்பிடச் சொல்லுங்கள். குரல் இரண்டு காதிலும் வந்த பிறகு பணம் கொடுங்கள். டிவியின் பின்பக்கத்தையும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள், எந்த வயர் வேண்டும் என்று அங்கேயே தெரிந்துவிடும்.