பத்து வருட உத்தரவாதம், ஐந்து மாத ஃபிலிம்: கேரவன் வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

வண்டியின் முகப்பில் கல் தெறித்து பெயிண்ட் உதிராமல் இருப்பதற்காக ஒட்டப்படும் பிபிஎஃப் என்னும் பாதுகாப்பு ஃபிலிமுக்கு நாற்பத்தெட்டாயிரம் ரூபாய் கொடுத்து, அதன் பெயரில் விளம்பரப் பலகைக்கு ஒட்டும் பிளாஸ்டிக் தாளைப் போன்ற ஒன்றை ஒட்டிக்கொண்டு வந்தவன் நான். டெல்டாப் பகுதியில் இப்போது டெம்போ டிராவலரைக் கேரவனாக மாற்றி வைத்திருப்பவர்கள் பெருகி வருவதால், இதே வலையில் வேறு யாரும் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லவில்லை. வழக்கு நடந்துகொண்டிருப்பது ஒரு காரணம். இதே வேலையை வேறு பெயர்ப் பலகையின் கீழும் செய்கிறார்கள் என்று கேள்விப்படுவது இன்னொரு காரணம்.

என் தந்தைக்கு எழுபத்தாறு வயது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை கழிப்பறை தேவைப்படும். தாயாருக்கோ சூரியனார்கோயில் தொடங்கி திருநள்ளாறு வரை ஒன்பது நவக்கிரகத் தலங்களையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும். இந்த இரண்டும் ஒத்துப்போக வேறு வழி தெரியாமல்தான், படுக்கையும் சிறு கழிப்பறையும் வைத்த ஒரு வண்டியை வாங்கினோம். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே படுக்கைக்காக முன்னோக்கித் துருத்திக்கொண்டிருக்கும் ஃபைபர் மாடமும், அதற்குக் கீழே வண்டியின் சொந்த இரும்பு முகப்பும் கொண்டது அது.

காவிரி கொண்டு வந்து கொட்டிய வண்டல் மண்ணில் கல்லே கிடையாது. பெரிய கோயிலுக்கே கருங்கல் வெளியிலிருந்துதான் வந்தது. இன்றைக்கும் சாலைக்கும் வீட்டுக்கும் வேண்டிய ஜல்லி புதுக்கோட்டை, பெரம்பலூர், கரூர்ப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து டிப்பர் லாரியில்தான் வந்தாக வேண்டும். தார்ப்பாய் போடாத லாரியிலிருந்து சிந்தும் முக்கால் அங்குல ஜல்லி சாலையோரம் கிடக்க, அடுத்து வரும் லாரியின் டயர் அதை எடுத்து நம் முகத்தில் வீசுகிறது. விக்கிரவாண்டி - தஞ்சாவூர் நான்கு வழிச்சாலை வேலை நடந்த ஆண்டுகளில் கும்பகோணம் வழியாகச் சென்று வந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காருக்கு முன்பக்கம் சரிந்து இருப்பதால் பல கற்கள் வழுக்கி மேலே போய்விடும். கேரவனின் முகப்போ சுவர் போல நிமிர்ந்து நிற்பதால் கல் நேராக வந்து குத்துகிறது. மோதும் வேகம் இரட்டிப்பானால் அடியின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்ற பள்ளிப் பாடம், எதிரே வரும் லாரியின் வேகத்தையும் நம் வேகத்தோடு கூட்டிப் பார்க்கும்போதுதான் உறைக்கும்.

முதல் ஆண்டிலேயே இரும்பு முகப்பில் உளுந்து அளவில் இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் பெயிண்ட் தெறித்து, அவற்றில் பாதி பழுப்பேறத் தொடங்கியிருந்தன. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி என்று கடற்கரை ஊர்களில் இரவு நிறுத்துகிற வண்டிக்கு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்வதால், ஒரு சிறு பொட்டு துருப்பிடிக்க ஒரு மழைக்காலமே போதும். மேலே ஃபைபர் மாடத்தில் துரு இல்லைதான். ஆனால் அங்கே அடிபட்ட இடத்தைச் சுற்றிச் சிலந்திவலை போல மெல்லிய விரிசல்கள் ஓடியிருந்தன.

போன ஆண்டு சித்திரையில், பக்கத்து மாவட்டத்தில் புறவழிச்சாலை ஓரமாக, கண்ணாடிச் சுவரும் வெள்ளை விளக்குகளுமாக இருந்த ஒரு கடைக்குப் போனேன். உரிமையாளர் இளைஞர், பேச்சில் கெட்டிக்காரர். "அண்ணே, இது ஒரிஜினல் டிபியு. இருநூறு மைக்ரான். கல்லடிச்சா ஃபிலிம் வாங்கிக்கும், உங்க பெயிண்ட் வாங்காது. பத்து வருஷம் நீங்க திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்றார். டிபியு என்பது உண்மையான பிபிஎஃப் செய்யப்படும், ரப்பர் போல நீளும் பிளாஸ்டிக். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. முதலில் ஐம்பத்தைந்தாயிரம் கேட்டவர், செராமிக் கோட்டிங்கும் சேர்த்துப் போட்டுக்கொண்டால் கல்லடியே படாது என்று இன்னும் பதினெட்டாயிரம் ஏற்றப் பார்த்தார். நல்ல வேளையாக அதை மறுத்துவிட்டேன். செராமிக் பூச்சு என்பது ஓரிரு மைக்ரான் கனமுள்ள கண்ணாடி போன்ற ஒரு படலம். தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடும், அழுக்கு எளிதில் போகும். ஜல்லியைத் தடுக்கும் வேலைக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்தப் பொய் எனக்குத் தெரிந்திருந்தும், அதைச் சொன்ன அதே வாயிலிருந்து வந்த டிபியு கதையை எப்படி நம்பினேன் என்று என் மனைவி இன்றுவரை கேட்கிறார். பதில் இல்லை.

வேலை நடந்த விதத்திலேயே மூன்று அடையாளங்கள் இருந்தன. முதலாவதாக, துருப்பிடித்த பொட்டுகளைத் தேய்த்து, பட்டி போட்டு, முகப்புக்குப் புதிதாக பெயிண்ட் அடித்த மூன்றாம் நாளே ஃபிலிமை ஒட்டினார்கள். இரண்டாவதாக, ஃபிலிம் வந்த அட்டைப்பெட்டியைக் காட்டச் சொன்னபோது, "பெட்டி குடோன்ல இருக்குண்ணே, நீங்க டீ சாப்பிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதை அப்போது நான் அடையாளமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. மேல் மாடம், கூரையோடு வளைந்து ஏறும் பகுதியையும் சேர்த்து, நாலரை அடி உயரம். பிபிஎஃப் சுருள்கள் வழக்கமாக 1.52 மீட்டர், அதாவது ஐந்தடி அகலத்தில் வருவதால் அது ஒரே துண்டில் முடிந்திருக்க வேண்டும். எனக்கோ நாலடி உயரத்தில் குறுக்கே ஒரு இணைப்பு விழுந்திருந்தது. நாலடி என்பது விளம்பரப் பலகைக்கு ஒட்டும் வினைல் சுருளின் அகலம்.

ரசீதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பேரம் பேசி நாற்பத்தெட்டாயிரத்துக்கு முடித்த பெருமிதத்தில், "பில் வேண்டாம்னா ஜிஎஸ்டி மிச்சம்" என்ற பேச்சுக்கு மட்டும் நான் இணங்கவில்லை. வற்புறுத்தி ரசீது வாங்கினேன். ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். "முன்பக்க ஸ்டிக்கர் வேலை - 1" என்று மட்டுமே அதில் எழுதியிருந்ததை ஐந்து மாதம் கழித்துத்தான் பார்த்தேன். உத்தரவாத அட்டை தங்க நிற எழுத்தில் பளபளப்பாக இருந்தது. சுருள் எண் எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்தது.

ஆடிக்குள்ளேயே ஓரங்களில் கறுப்புக் கோடு போல தூசி சேர்ந்து ஃபிலிம் சுருங்கத் தொடங்கியது. வெள்ளை முகப்பு, வெயில் நேராகப் படுகிற பக்கத்தில், பழைய பாட்டில் மூடி போல மஞ்சளித்தது. ஆவணியில் முகப்பு முழுக்கக் கடுகு கடுகாகக் கொப்புளங்கள். போனில் கேட்டபோது, "வெயில் பட்டா செட்டாயிடும்ண்ணே" என்றார்கள். டெல்டாவின் ஆவணி வெயிலுக்கு மேல் வேறு எந்த வெயிலுக்காகக் காத்திருப்பது என்று தெரியவில்லை.

உண்மையை வெளிக்கொண்டு வந்தவர் அரசுப் பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருக்கும் என் மைத்துனர். ஓரத்தில் தானாகவே உரிந்து தொங்கிய ஒரு விரல் நீளத் துண்டை வெட்டி, பள்ளி ஆய்வகத்தின் திருகு அளவியில் வைத்துப் பார்த்தார். பசையோடு சேர்த்தே 0.11 மில்லிமீட்டர், அதாவது நூற்றுப் பத்து மைக்ரான். சொன்னது இருநூறு. "கனத்தை விடுங்க அத்தான், இது என்னன்னு பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு, சமையலறை ஜன்னல்களையெல்லாம் திறந்துவைத்து, ஒயரிலிருந்து உருவிய செப்புக் கம்பியை அடுப்புத் தீயில் பழுக்கக் காய்ச்சினார். கம்பியால் தீ நிறம் மாறுவது நின்ற பிறகு, அதன் சூடான நுனியால் ஃபிலிமைத் தொட்டு, கொஞ்சம் உருகி ஒட்டிக்கொண்டதும் மறுபடியும் தீயில் காட்டினார். நீலத் தீ கிளிப்பச்சையாக மாறியது. மூக்கைக் குத்தும் காரமான புகையும் வந்தது. செம்பும் குளோரினும் சேர்ந்தால் அந்தப் பச்சை வரும். விளம்பரப் பலகைக்கு ஒட்டும் வினைல் என்பது பிவிசி பிளாஸ்டிக். அதில் குளோரின் உண்டு. டிபியு என்பது பாலியூரித்தேன் வகை. அதன் மூலக்கூறில் குளோரின் இல்லை.

இந்த வேறுபாடு வெறும் பெயர் வேறுபாடு அல்ல. டிபியு ரப்பர் போல நீண்டு, பழைய அளவுக்கே திரும்பும். கல் மோதினால் அந்த அடியைத் தான் வாங்கிப் பரப்பிவிடும். நல்ல ரகங்களின் மேற்பூச்சில் சிறு கீறல் விழுந்தால் வெந்நீர் ஊற்றினாலே அது மறைந்துவிடும். பிவிசி இழுத்தால் வெளுத்து, நீண்டபடியே நின்றுவிடும். அதை வளைய வைக்கக் கலந்திருக்கும் எண்ணெய்ப் பொருள் வெயிலில் மெல்ல வெளியேற, தாள் இறுகி, சுருங்கி, மஞ்சளித்துவிடும். சில மாதம் கழிந்தால் அதைத் தாண்டிக் கல் உள்ளே போகும். என் வண்டியிலும் போயிருந்தது: ஃபிலிமுக்கு அடியில் ஐந்து இடங்களில் புதிய துருப் பொட்டுகள்.

அதை உரித்தெடுக்கத் திருவாரூர்ப் பக்கம் உள்ள ஒரு வயதான பெயிண்டர் மேஸ்திரியிடம் போனேன். ஹேர் டிரையர் போன்ற சூட்டுத் துப்பாக்கியால் இதமாகச் சூடேற்றி, தாளை வண்டியோடு படுக்கைவாட்டில் மெதுவாக இழுத்து உரித்தார். பழைய கம்பெனி பெயிண்ட் இருந்த இடங்களில் தாள் மட்டும் வந்தது. புதிதாக அடித்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு பெயிண்டும் சேர்ந்து தோலாக உரிந்து வந்தது. "தம்பி, அடிச்ச பெயிண்டு மூச்சு விட்டு முடியறதுக்குள்ள போர்த்திட்டாங்க. ஒரு மாசமாவது விட்டிருக்கணும்" என்றார். கொப்புளங்களின் காரணமும் அதுதான்: பெயிண்டிலிருந்து வெளியேற வேண்டிய தின்னர் ஆவி, போக இடமில்லாமல் தாளுக்கு அடியில் தங்கிவிட்டது.

அவர் அடுத்ததாகக் காட்டியதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது. முகப்பு விளக்கைச் சுற்றி, பிளேடால் ஃபிலிமை வெட்டிய இடமெல்லாம் பெயிண்டையும் அடிப்பூச்சான பிரைமரையும் தாண்டி இரும்பு வரை கீறப்பட்டு, அந்தக் கீறல் நெடுக மெல்லிய சிவப்பு நூல் ஒட்டியது போலத் துரு ஓடியிருந்தது. பரவலாக விற்கும் கார்களுக்குக் கணினியில் அளவெடுத்து முன்கூட்டியே வெட்டிய துண்டுகள் கிடைக்கும். நம் கேரவன்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பட்டறையில் உருவானவை என்பதால் அளவு எங்கும் இருக்காது. வண்டியின் மேலேயே வைத்துத்தான் வெட்டுவார்கள். ஆகவே, ஓரத்தில் முதலில் நூல் பதித்த டேப்பை ஒட்டி, ஃபிலிமை அதன்மேல் போர்த்திய பின் அந்த நூலை இழுத்து வெட்டும் முறை தெரியுமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். தெரியாது என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கடைக்கு மறுபடியும் போனேன். இப்போது "அண்ணே" போய் "சார்" வந்திருந்தது. "சார், ஸ்டிக்கர்னுதானே பில்லுல இருக்கு? ஸ்டிக்கர்தான் ஒட்டியிருக்கோம்" என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

இனி ஒட்டப்போகிறவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் சுருளிலிருந்து ஒரு சாண் துண்டு கேளுங்கள். உண்மையான பொருள் வைத்திருப்பவர் தயங்க மாட்டார். அதை இழுத்துப் பாருங்கள், பித்தளைத் தேய்ப்பானால் லேசாகக் கீறி வெந்நீர் ஊற்றிப் பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் செப்புக் கம்பி இருக்கிறது. பெட்டி உங்கள் கண்முன் திறக்கப்பட்டு, சுருள் எண் ரசீதிலும் உத்தரவாத அட்டையிலும் ஏற வேண்டும். அந்த எண்ணை வைத்துத் தயாரிப்பாளரிடமே உத்தரவாதத்தைப் பதிவு செய்து தரச் சொல்லுங்கள். ரசீதில் பொருளின் முழுப் பெயர், கனம், ஒட்டிய பகுதி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். முன்கண்ணாடியிலும் ஒட்டித் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். எழுபது சதவீத ஒளியாவது ஊடுருவ வேண்டும் என்ற மோட்டார் வாகன விதி ஒரு பக்கம் இருக்கட்டும். எதிர் வண்டியின் விளக்கு அதில் பட்டுச் சிதறும்போது இரவில் ஓட்டுகிறவருக்குத்தான் அவதி தெரியும். கண்ணாடியில் சிறு கல்லடி பட்டால் உடனே மேலே ஒரு செலோ டேப் ஒட்டித் தூசியும் தண்ணீரும் புகாமல் காத்து, விரிசல் ஓடுவதற்குள் பசை ஏற்றி அடைத்துவிடலாம்.

என் வண்டிக்கு இப்போது ஃபிலிம் இல்லை. மேஸ்திரி முகப்பை மறுபடியும் அடித்துக் கொடுத்திருக்கிறார். ஒரு சிறு பாட்டிலில் அதே நிறப் பெயிண்டும் ஒரு மெல்லிய தூரிகையும் டேஷ்போர்டில் இருக்கின்றன. ஒவ்வொரு பயணம் முடிந்ததும் முகப்பைக் கழுவி, புதுப் பொட்டு ஏதேனும் தெரிந்தால் அன்றைக்கே தொட்டு வைத்துவிடுகிறேன். டிப்பருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போவதை நிறுத்திவிட்டேன்.

கடை வேறு மாவட்டத்தில் இருந்தாலும், 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும், நாம் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வழி தெரியாதவர்கள் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் கேட்கலாம். நான் தஞ்சாவூரில் கொடுத்திருக்கிறேன். ஸ்டிக்கர் என்று எழுதிய ரசீது, எண் இல்லாத உத்தரவாத அட்டை, "ஒரிஜினல் டிபியு" என்று கடைக்காரரே எனக்கு அனுப்பியிருந்த வாட்ஸ்அப் செய்தியின் நகல், பெயிண்டோடு உரிந்து வந்த ஒரு சதுர அடித் தாள் ஆகிய நான்கும் மனுவோடு இருக்கின்றன. எதிர்த் தரப்பு முதல் வாய்தாவுக்கு வரவில்லை.