கியர்பாக்ஸைப் பிரிக்கச் சம்மதிக்கும் முன்

எங்கள் ஆட்டோமேட்டிக் கார் சென்ற மாதம் திண்டிவனம் அருகே மூன்றாம் கியரிலேயே சிக்கிக்கொண்டது. அதே நொடியில் வேகமானி முள்ளும் பூஜ்யத்துக்கு இறங்கியது. இவ்விரண்டையும் தெளிவாகச் சொல்லித்தான் மறுநாள் சென்னையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியை ஒப்படைத்தேன். ஆயிலை மாற்றி, வால்வு பாடியை (கியர் மாற ஆயிலைத் தேவையான பாதையில் செலுத்தும் பகுதி) சுத்தம் செய்ததாக 18,500 ரூபாய் வாங்கினார்கள். வீடு வந்து சேரும் முன்பே கோளாறு திரும்பிவிட்டது. மீண்டும் சென்றபோது, கியர்பாக்ஸையே பிரிக்க வேண்டும், 1,40,000 ரூபாய் ஆகும் என்றார்கள். காரின் கணினியில் பதிவான கோளாறைப் படிக்கும் ஸ்கேனரில் என்ன கோட் (கோளாறு எண்) வந்தது என்று கேட்டேன். "அதெல்லாம் சொன்னா உங்களுக்குப் புரியாது சார்" என்பதே பதில்.

புரியாத விஷயம் அதில் ஒன்றுமில்லை. வேறொரு மெக்கானிக் ஸ்கேனரைச் செருகியதும் பி0720 என்று காட்டியது. வெளியீட்டு வேக சென்சாரின் மின்சுற்றில் பழுது என்பது அதன் பொருள். கியர்பாக்ஸுக்குள் வரும் சுழற்சியை ஒரு சென்சாரும், சக்கரங்களை நோக்கி வெளியேறும் சுழற்சியை இன்னொரு சென்சாரும் அளக்கின்றன. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் கிடைக்கும் விகிதத்தை வைத்தே, கேட்ட கியர் விழுந்ததா, கிளட்ச் வழுக்குகிறதா என்று கணினி கண்டுகொள்கிறது. வெளியீட்டுக் கணக்கு வராமல் போனால், மேலும் சேதமாகாமல் இருக்க, அது வண்டியை ஒரே கியரில் நிறுத்திவிடுகிறது. எங்கள் காரில் வேகமானிக்கும் அதே சென்சார்தான் தகவல் தருகிறது. முள் விழுந்ததே போதுமான துப்பு. அதை முதலில் பார்த்தவர்கள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

இந்த இரண்டாவது மெக்கானிக் ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றி, வெளியீட்டு வேக சென்சாரை என் கையில் கொடுத்தார். விரல் நீளம்கூட இல்லை. காந்த முனையில் இரும்புத்தூள் சாம்பல் நிறக் களிம்பாக அப்பியிருந்தது. அது இரண்டு ஒயர் கொண்ட காந்தச்சுருள் வகை. பற்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் அருகே கடக்கையில் அந்தச் சுருளில் மின்துடிப்பு உண்டாக வேண்டும். மல்டிமீட்டரை வைத்தபோது மின்தடை முடிவிலி என்று காட்டியதால், உள்ளே சுருள் அறுந்திருப்பது உறுதியாயிற்று. (சுருளுக்குப் பதில் மின்னணுச் சில்லு உள்ள, மூன்று ஒயர் கொண்ட ஹால் வகைக்கு இந்தச் சோதனை பொருந்தாது.) ஒயரையும் கனெக்டரையும் பார்த்துவிட்டுப் புதியதைப் பொருத்தினார். கூலியோடு 3,200 ரூபாய். அதன்பின் 900 கிலோமீட்டர் ஓட்டியாயிற்று, கியர் ஒழுங்காக மாறுகிறது.

கியர்பாக்ஸ் உண்மையிலேயே தேய்ந்துபோவதும் உண்டு. ஆகவே பெரிய செலவு சொல்பவர் எல்லாரும் ஏமாற்றுகிறார் என்று நான் கூறவில்லை. ஆனால் கோட் எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். வண்டி ஓடும்போது இரு சென்சார்களும் காட்டும் சுழற்சி எண்ணிக்கையை ஸ்கேனர் திரையில் உங்கள் கண்ணால் பாருங்கள். கழற்றிய உதிரிபாகத்தைக் கேட்டு வாங்குங்கள். இம்மூன்றுக்கும் மறுத்தால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். 18,500 ரூபாய்க்கு உரிய விரிவான பில்லை எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன், இன்றுவரை வரவில்லை.