சகாக்களின் தீர்ப்பா, அரசு வழக்கா?

கடையில் முதன்முறையாகத் திருடி மாட்டிக்கொண்ட 15 வயதுச் சிறுவனுக்கு அமெரிக்காவின் பல ஊர்களில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சிறார் நீதிமன்றம்: அரசு வழக்கறிஞர், நீதிபதி, மாதக்கணக்கில் நீளக்கூடிய காத்திருப்பு. மற்றது இளையோர் நீதிமன்றம். அங்கே வாதாடுவதும் ஜூரியாக அமர்வதும் அவன் வயதுப் பிள்ளைகளே. டெக்சஸின் ஒடெஸாவில் 1983இல் தொடங்கியது பல ஊர்களுக்கு முன்மாதிரியானது.

தண்டனை என்றால் சமூக சேவை, மன்னிப்புக் கடிதம், பிறகு அடுத்தவர் வழக்கில் ஜூரியாக உட்காருவது. இந்தக் கடைசி ஏற்பாடுதான் எனக்கு மிகவும் பிடித்தது: நேற்றுக் கூண்டில் நின்றவன் இன்று இன்னொருவன் கதையைக் காதுகொடுத்துக் கேட்டாக வேண்டும்.

ஆனால் ஒரு நிபந்தனை உறுத்துகிறது. பெரும்பாலும் குற்றத்தை ஒப்புக்கொண்டால்தான் உள்ளேயே விடுவார்கள். 'நான் செய்யவில்லை' என்பவனுக்குச் சிறார் நீதிமன்றமே கதி. 1967இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த வழக்கறிஞர் உரிமை அவனுக்குக் கைகொடுப்பது அங்கேதான். கடும் வன்முறை வழக்குகளும் அங்கேதான் போகும்.

பலன்? 2002இல் வெளியான நான்கு மாநில ஆய்வில், ஆறு மாதத்துக்குள் மீண்டும் சிக்கியவர்கள் அலாஸ்காவில் 6 சதவீதம்; வழக்கமான முறையில் 23. மேரிலாண்டில் அந்த வெற்றி கிட்டவில்லை. அங்கே எதிர்த்தட்டில் இருந்தது, ஏறக்குறைய இதே சேவைகளையும் தண்டனைகளையும் வழங்கிய ஒரு போலீஸ் திட்டம்.