‘பிஎல்சி கார்டு போச்சு’ என்று சொன்னால் உடனே ஆர்டர் போடாதீர்கள்

ஸ்கேடாவில் (நிலையம் முழுவதையும் திரையில் காட்டும் கண்காணிப்புக் கணினி) பிஎல்சி (பம்பு, வால்வுகளை ஓட்டும் கட்டுப்பாட்டுக் கருவி) தொடர்பு வருவதும் போவதுமாக இருக்கிறதா? சர்வீஸுக்கு வந்தவர் "ஈதர்நெட் கார்டு போச்சு, மாத்தணும்" என்கிறாரா? பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் நல்ல கார்டைக் கெட்டுப்போனது என்று சொல்லி, புதுக் கார்டின் விலையையும் சர்வீஸ் சார்ஜையும் வாங்கிக்கொண்டு போனார்கள். உண்மைக் கோளாறு, ஒரே ஐபி அட்ரஸ் இரண்டு கருவிகளில் இருந்தது.

எனர்ஜி மீட்டர்களை ஸ்கேடாவுக்குக் கொண்டுவர ஒரு சர்வீஸ் நிறுவனத்தார் மோட்பஸ் கேட்வே (மீட்டர்களின் மோட்பஸ் மொழியை நெட்வொர்க்குக்குக் கடத்தும் பெட்டி) ஒன்றைப் பொருத்தினார்கள். அதற்கு அவர்கள் போட்ட அட்ரஸ் 192.168.1.10. பிஎல்சியின் அட்ரஸும் அதேதான். ஐபி பட்டியலைக் கேட்கவே இல்லை. தொடர்பு அறுபடத் தொடங்கியதும் அதே நிறுவனத்து ஆட்களே வந்து கேபிளை மாற்றினார்கள், ஸ்விட்சை மாற்றினார்கள், கடைசியில் கார்டை மாற்றினார்கள். ஓடியது. ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்கினார்கள். அப்புறம் மறுபடியும் அறுந்தது.

கார்டு மாற்றியதும் ஏன் ஓடியது? நெட்வொர்க் கார்டு உயிர் பெறும்போது "இந்த ஐபி என்னுடையது" என்று பெரும்பாலும் தானாகவே ஓர் ஏஆர்பி அறிவிப்பு விடும் (எந்த ஐபி எந்தக் கருவியிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் முறைதான் ஏஆர்பி). ஸ்கேடா கணினி தன் ஏஆர்பி அட்டவணையில் அந்தக் கார்டின் மேக் அட்ரஸைக் (ஒவ்வொரு கார்டுக்கும் தயாரிப்பாளர் கொடுத்த தனி எண்) குறித்துக்கொள்ளும். பிறகு எப்போதாவது கணினி மறுபடி "192.168.1.10 யார்?" என்று கேட்கும்போது பிஎல்சி, கேட்வே இரண்டுமே பதில் சொல்லும். பல கணினிகளில் கடைசியாக வந்த பதில்தான் நிற்கும். கேட்வேயின் பதில் நின்றால் தொடர்பு போச்சு. ஆகவே இந்தக் கோளாறில் பழைய கார்டையே ஆஃப் செய்து ஆன் செய்தாலும் கொஞ்ச நேரம் நன்றாக ஓடும். மாற்றியதும் ஓடியது என்பது எதற்கும் சான்றல்ல.

தடயம் ஸ்கேடா லாகிலேயே கிடந்தது. மோட்பஸ் எக்ஸெப்ஷன் 11 என்று வரிவரியாக. தனக்குப் பின்னால் உள்ள கருவி பதில் தரவில்லை என்று கேட்வே சொல்லும் குறியீடு அது. பிஎல்சியிடம் நேராகக் கேட்கும் கேள்விக்கு அது வர வேலையே இல்லை. எங்கள் பிஎல்சியின் யூனிட் ஐடி (மோட்பஸில் ஒவ்வொரு கருவிக்கும் தரும் எண்) 255. அந்த எண்ணில் மீட்டர் இல்லாததால் பிழை மட்டும் வந்தது. ஐடி 1 என்று இருந்து, அதே எண்ணில் ஒரு மீட்டரும் இருந்திருந்தால், மீட்டரின் வோல்டேஜைத் தொட்டி மட்டமாக ஸ்கேடா காட்டியிருக்கும். நினைத்தாலே பதறுகிறது.

சோதிக்க ஒரு லேப்டாப் போதும். அதே ஸ்விட்சில், அதே சப்நெட்டில், யாருக்கும் கொடுக்காத ஒரு அட்ரஸில் இணையுங்கள். ஏஆர்பி ரவுட்டரைத் தாண்டாது. அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ‘ஏஆர்பி மைனஸ் டி ஸ்டார்’ கொடுத்து அட்டவணையை அழியுங்கள். பிஎல்சியின் ஐபிக்குப் பிங் செய்து (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை), ‘ஏஆர்பி மைனஸ் ஏ’ கொடுத்து மேக்கைக் குறியுங்கள். பலமுறை செய்யுங்கள். ஒரே ஐபிக்கு இரண்டு மேக் வந்தால் தீர்ந்தது. மாறாமல் ஒன்றே வந்தாலும் விடாதீர்கள். ஆபரேட்டரிடம் சொல்லி, பம்புகளை லோக்கல் மோடுக்குக் கொண்டுவந்த பிறகு பிஎல்சியின் கேபிளைக் கழற்றுங்கள். அட்டவணையை மறுபடி அழித்துவிட்டுப் பிங் செய்யுங்கள். பிங்குக்குப் பதில் வராவிட்டாலும் அட்டவணையில் ஒரு மேக் வந்து உட்கார்ந்தால் அதுதான் திருட்டு ஆசாமி. மேக்கின் முதல் மூன்று ஜோடி தயாரிப்பாளரைக் காட்டும்: 00-00-பிசி ராக்வெல், 00-80-எஃப்4 டெலிமெக்கானிக். மேனேஜ்டு ஸ்விட்ச் (உள்ளே நுழைந்து அமைப்புகளைப் பார்க்கக்கூடியது) என்றால் மேக் டேபிளே போர்ட் எண்ணைச் சொல்லிவிடும். சாதா ஸ்விட்ச் என்றால் கேபிளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான்.

ராக்வெல்லின் 1756-இஎன்2டி போன்ற ஈதர்நெட் கார்டுகளில் இந்தப் பாடே வேண்டாம். நெட் விளக்கு சிவப்பாக நிற்கும், முகப்பில் மோதும் கருவியின் மேக்கே ஓடும்.

எதிர்ப்பக்கமும் ஒரு பொறி உண்டு. சில சிஸ்கோ ஸ்விட்ச்கள் டிவைஸ் டிராக்கிங்குக்காக (இணைந்திருக்கும் கருவிகளைக் கண்காணிப்பதற்காக) 0.0.0.0 என்ற முகவரியிலிருந்து ஏஆர்பி விசாரணை அனுப்பும். அப்போதுதான் உயிர் பெறும் கருவி அதை மோதல் என்று எடுத்துக்கொள்ளும். சிக்கும் மேக் ஸ்விட்சுடையது என்றால் ஸ்விட்சில் புரோப் டிலேயை (விசாரணை அனுப்பும் முன் காத்திருக்கும் நேரம்) 10 வினாடி வையுங்கள்.

கழற்றிய கார்டை அவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள். தனி லேப்டாப்புடன் பெஞ்சில் ஓடவிட்டுப் பாருங்கள். எங்களுடையது ஒரு பாக்கெட்டும் விடாமல் ஓடியது. அதைக் காட்டியும் "சீல் உடைச்ச சாமானைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்றுதான் பதில். அதனால் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதுங்கள்: ஏஆர்பி சோதனையின் முடிவு ரிப்போர்ட்டில் மேக் அட்ரஸோடு இருக்க வேண்டும், கழற்றிய கார்டு பெஞ்சில் நன்றாக ஓடினால் புதியதைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணமும் தர வேண்டும்.