ஊட்டி, குன்னூர், கொடைக்கானல்: மூன்று மலைப் பூங்காக்களும் அவற்றை வடிவமைத்த கைகளும்

ஊட்டியில் கீழே நுழைந்து மேலே ஏற வேண்டும். குன்னூரில் மேலே நுழைந்து கீழே இறங்க வேண்டும். வெளியே வர மறுபடி ஏறித்தான் ஆக வேண்டும். கொடைக்கானலில் ஏற்ற இறக்கம் பற்றிப் பேச்சே இல்லை, ஏரிக்கரையிலிருந்து அப்படியே நடந்து உள்ளே போய்விடலாம். அரசு தாவரவியல் பூங்கா, சிம்ஸ் பூங்கா, பிரையண்ட் பூங்கா மூன்றையும் ஒப்பிட நான் எடுத்துக்கொள்ளும் முதல் விஷயம் இதுதான். கிடைத்த நிலத்தை அமைத்தவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்பது கால் வலிக்கும்போதுதான் தெரியும். என் முடிவையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: மூன்றில் சிறந்த வடிவமைப்பு சிம்ஸ் பூங்கா. கூட்டம் என்னவோ ஊட்டிக்குத்தான் போகிறது.

வெள்ளைக்காரர் காலத்தில் இந்த மலைகளில் உருவான பச்சை வெளிகளில் பலவும் வேலிக்குள் இருப்பவை. ஊட்டி, குன்னூரை அடுத்த வெலிங்டன், கொடைக்கானல் மூன்று ஊரிலும் கோல்ஃப் மைதானம் உண்டு, மூன்றும் கிளப்புகளைச் சேர்ந்தவை. பூங்காக்கள் அப்படியல்ல. டிக்கெட் எடுத்த எவரும் உள்ளே போய்ப் புல்லில் உட்காரலாம், சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காதவரை. நம் பொதுச் சொத்து என்பதால்தான் அவற்றை யார், எதற்காக, எப்படி அமைத்தார்கள் என்று தெரிந்துகொண்டு நடக்க வேண்டும் என்கிறேன்.

ஊட்டியிலிருந்து தொடங்கலாம். 1840களில் அங்கே குடியிருந்த ஐரோப்பியர்கள் மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு, வீட்டுக்குக் காய்கறி கிடைக்க ஒரு தோட்டம் நடத்திப் பார்த்தார்கள். அது சரிப்பட்டு வரவில்லை. சென்னை ஆளுநராக இருந்த ட்வீடேல் பிரபு காலத்தில் அதைப் பொதுத் தோட்டமாக்கும் யோசனை வந்தது. லண்டன் கியூ தோட்டத்தில் வேலை பார்த்த வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் 1848இல் பொறுப்பேற்றார். தொட்டபெட்டாவின் அடிச்சரிவு அது. மேல்பகுதி காடு, கீழ்ப்பகுதி சதுப்பு. அதைப் படிப்படியாகத் தளம் வெட்டி, நீர் வடித்து, பாதை போட்டு இன்று நாம் பார்க்கும் 22 ஹெக்டேர் உருவத்துக்குக் கொண்டுவந்ததில் அவர் பங்கு பெரிது.

மெக்ஐவரை அழகுத் தோட்டக்காரர் என்று மட்டும் நினைத்தால் ஊட்டிப் பூங்கா பாதிதான் புரியும். அவருக்கு இது ஒரு சோதனைக் கூடம். 1860இல் தென் அமெரிக்காவிலிருந்து சின்கோனா நீலகிரிக்கு வந்தபோது அதை வளர்க்கும் பொறுப்பு அவரிடம்தான் வந்தது. மலேரியாவுக்கான கொய்னா மருந்து அந்த மரத்தின் பட்டையில் இருக்கிறது. மரத்தை வெட்டாமல், பட்டையைக் கீற்றுக் கீற்றாக உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடி வைத்தால் மறுபடி பட்டை வளரும் என்று செய்து காட்டினார். ஒரே மரத்தில் திரும்பத் திரும்ப அறுவடை! அந்த மனசுக்காரர் போட்ட தோட்டம் என்பதால்தான் அங்கே மரங்கள் சேகரிப்பாக நிற்கின்றன. கார்க் மரம், குரங்கு ஏறாப் புதிர் மரம் என்று ஒவ்வொன்றையும் தனியே நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆனால் அதைப் பார்ப்பவர்கள் குறைவு. நுழைந்ததும் விரியும் பெரிய புல்வெளி கூட்டம் முழுவதையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. கண்ணாடி மாளிகை, இத்தாலியன் பூங்கா, 2 கோடி ஆண்டுப் பழமையான கல்மரம், அத்துடன் போட்டோ எடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். மேலே ஏற ஏறக் கூட்டம் கரைந்துவிடும். உச்சிப் பக்கத்தில் தோடர் பழங்குடியினரின் மந்து, அதாவது அவர்களின் சிற்றூர், இருக்கிறது. பூங்காவுக்கு வெகு காலம் முன்பிருந்தே இந்த மலை அவர்களுடையது. அங்கே போகிறவர்கள் வேடிக்கை பார்க்கும் இடமாக நினைக்காமல், குடியிருப்பு என்ற மரியாதையோடு நடந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று, ஊட்டியின் பனி. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும்போது பூங்காத் தொழிலாளர்கள் மாலையிலேயே கோத்தகிரி மிலார் செடிகளை வெட்டி வந்து நாற்றுகளையும் அலங்காரச் செடிகளையும் மூடி வைப்பார்கள். புல்வெளியில் விடியற்காலையில் தண்ணீர் தெளித்து, வெயில் படுமுன் பனியைக் கரைப்பார்கள். உறைந்த புல்லில் நேராக வெயில் பட்டால் கருகிவிடும். மே மாத மலர்க் காட்சியில் மாடங்களில் அடுக்கிய தொட்டிகளைப் பார்த்து வியக்கிறோமே, அதன் பாதி வேலை அந்தக் குளிரில் நடந்தது. 1896இல் தொடங்கிய காட்சி அது.

குன்னூர் சிம்ஸ் பூங்கா வேறு வகை. சென்னை அரசின் செயலராக இருந்த ஜே.டி. சிம், சாலைக் கண்காணிப்பாளர் பொறுப்பிலிருந்த மேஜர் மரே, இருவரும் சேர்ந்து 1874இல் அமைத்தது. 12 ஹெக்டேர்தான், ஊட்டியில் ஏறக்குறையப் பாதி. இடம் ஓர் இயற்கையான பள்ளத்தாக்கு. அந்தப் பள்ளத்தை நிரப்பிச் சமன்படுத்த அவர்கள் முயலவில்லை. அப்படியே விட்டு, சரிவோடு சரிவாகப் பாதையை வளைத்து வளைத்து அடியிலுள்ள குளம் வரை இறக்கியிருக்கிறார்கள். அமைத்தவர்களில் ஒருவர் மலைச்சாலை தெரிந்தவர் என்பது நடக்கும்போதே புரிகிறது என்பது என் எண்ணம். ஒரு வளைவில் நின்றால் அடுத்த வளைவு தெரியாது. கீழே நிற்கும் மரத்தின் உச்சி உங்கள் கண் மட்டத்தில் இருக்கும். ஒரு மரத்தை அடி, நடு, உச்சி என்று மூன்று உயரத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பு சமதளப் பூங்காவில் கிடையாது. ஊட்டியிலும் சரிவு உண்டு, ஆனால் அங்கே புல்வெளியின் அகலம் அதை மறைத்துவிடுகிறது.

குன்னூரின் உயரமும் கைகொடுக்கிறது. பூங்கா ஏறக்குறைய 1,780 மீட்டரில் இருக்கிறது, ஊட்டிப் பூங்காவின் கீழ்வாசலைவிட 450 மீட்டருக்கு மேல் தாழ்வு. சராசரியாக 3 டிகிரி வெப்பம் கூடுதல், பனித்தொல்லையும் குறைவு. அதனால் குளிர்நாட்டு மரமும் வெப்பநாட்டு மரமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. ருத்ராட்ச மரத்தடியில் காய் உதிரும் காலத்தில் போய்ப் பாருங்கள். பளிச்சென்ற நீல நிறத்தில் உருண்டையாகக் கிடக்கும். தோலையும் சதையையும் நீக்கினால்தான் நாம் கழுத்தில் போடும் அந்த வரிவரியான கொட்டை. வாழ்நாள் முழுவதும் ருத்ராட்சம் அணிந்த பெரியவர்கள்கூட அந்த நீலத்தைப் பார்த்ததில்லை என்பார்கள்.

பழக் காட்சி மே மாதம் இங்கேதான் நடக்கும். எதிரில் தோட்டக்கலைத் துறையின் பழவியல் நிலையம் இருக்கிறது. பெர்சிமன், பிளம், பேரி எல்லாம் அங்கே வளர்க்கிறார்கள். ஜாம் வாங்க வேண்டுமானால் அங்கே வாங்குங்கள். 1907இல் தொடங்கிய, தடுப்பூசி தயாரிக்கும் பாஸ்டியர் நிலையமும் பக்கத்திலேயே.

சிம்ஸ் பூங்காவின் குறை முழங்கால் வலிக்காரர்களுக்குத்தான். இறங்கும்போது தெரியாது, திரும்பும்போது மூச்சு வாங்கும். அப்பா அம்மாவைக் கூட்டிப் போனால் பாதி வரை இறக்கி, மர நிழலில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் குளத்துக்குப் போய் வாருங்கள்.

கொடைக்கானல் பிரையண்ட் பூங்காவைப் பற்றி நீட்டிச் சொல்ல அவ்வளவு இல்லை. மதுரையைச் சேர்ந்த வன அதிகாரி எச்.டி. பிரையண்ட் 1908இல் திட்டமிட்டது, 20.5 ஏக்கர். கலெக்டர் லெவிஞ்சு 1863இல் உருவாக்கிய ஏரிக்குக் கிழக்கே, பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. காட்டு அதிகாரி போட்ட பூங்கா என்றாலும் இன்று அதன் உயிர் மரத்தில் இல்லை, பூப் பாத்திகளில் இருக்கிறது. டேலியா, சால்வியா, ரோஜா என்று மே மாதக் காட்சியைக் கணக்கு வைத்து மாதக்கணக்கில் முன்னதாகவே நட்டுக்கொண்டு வருவார்கள். 1857இல் வைத்த யூகலிப்டஸ் ஒன்று நிற்கிறது, அதை மட்டும் தவறவிடாதீர்கள். பாத்தி பூக்காத மாதத்தில் போனால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஊட்டியும் குன்னூரும் அப்படியல்ல, மழையிலும் அவற்றுக்கு முகம் உண்டு.

ஆனால் சக்கர நாற்காலி, கைக்குழந்தை, எண்பது வயதுப் பாட்டி, இதில் எது இருந்தாலும் என் ஓட்டு பிரையண்டுக்கு. யாரையும் பாதியில் விட்டுப் போக வேண்டியதில்லை, வீட்டில் எல்லோரும் ஒன்றாகச் சுற்றி வரலாம். வடிவமைப்பில் இதுவும் ஒரு நல்ல குணம்தான், இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

ஊட்டி வரை வந்து ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் இரண்டையும் பார்க்கலாம். காலையில் கதவு திறந்ததும் தாவரவியல் பூங்காவுக்குள் போய், புல்வெளியை விட்டுவிட்டு நேரே மேலே ஏறிவிடுங்கள். கூட்டம் சேரும்போது நீங்கள் இறங்கிக்கொண்டிருப்பீர்கள். மதியம் மலை ரயிலிலோ பேருந்திலோ குன்னூர் வந்தால் சிம்ஸுக்கு முழுப் பிற்பகல் கிடைக்கும். மே மாதம்தான் வர முடியும் என்றில்லாவிட்டால் செப்டம்பர், அக்டோபரில் வாருங்கள். இரண்டாம் சீசனுக்கும் ஊட்டியில் தொட்டிகள் அடுக்குகிறார்கள், மே மாத நெரிசலும் இருக்காது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியில் வர இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) கேட்கிறார்கள், அதை வீட்டிலேயே எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.