விளையாட்டு அறிவியல் பட்டப்படிப்பு எப்படி? சத்துவாச்சாரியிலிருந்து போய்ப் படித்தவள் எழுதுகிறேன்

பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் அம்மாக்கள் மூன்று பேர் இந்த மாதத்தில் மட்டும் என்னை வழியில் நிறுத்திக் கேட்டுவிட்டார்கள். "ஏம்மா, பி.எஸ்சி. ஸ்போர்ட்ஸ் சயின்ஸ்னு ஒண்ணு இருக்காமே, சேர்க்கலாமா? வேலை கெடைக்குமா?" சாத்துமதுரை பஸ் வருவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால் எழுதிவிடுகிறேன். 2021-ல் சேர்ந்து 2024-ல் முடித்தேன். குறைகளையும் சொல்லப்போவதால் கல்லூரியின் பெயர் வேண்டாம்.

நான் பளு தூக்குகிறவள். வேலூர் சத்துவாச்சாரியில் அது அதிசயமில்லை. எங்கள் ஊர் சதீஷ்குமார் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கியபோது எனக்குப் பதினொரு வயது. 2018-ல் கோல்டு கோஸ்ட்டில் மறுபடியும் அவருக்கே தங்கம். இந்த இரண்டு தங்கத்துக்கும் நடுவில்தான் எங்கள் மாஸ்டரின் தகரக் கொட்டகைக்குள் நான் முதன்முதலாகப் போனேன்.

மாஸ்டர் எட்டாவது வரைக்கும் படித்தவர். கனமான வெயிட் ஒன்று தூக்கி இறக்கினால் உடனே அடுத்ததைத் தொட விடமாட்டார். "போ, அந்தப் பூவரச மரத்தைத் தொட்டுட்டு மெதுவா நடந்து வா" என்பார். இருப்பது ஒரே ராடு, மற்றவர்களுக்கும் முறை வரவேண்டும் என்றுதான் அனுப்புகிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இரண்டாம் வருடம் உடலியங்கியல் லேபில் விங்கேட் சோதனைக்கு என்னை உட்காரவைத்தார்கள். நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 75 கிராம் கணக்கில் சக்கரத்தில் பாரம் ஏற்றுவார்கள். அன்று என் எடை 58 கிலோ, பாரம் 4.35 கிலோ. முப்பது நொடி, உயிரைக் கொடுத்து மிதிக்கவேண்டும். முதல் ஐந்து நொடி நான் பறந்தேன். பத்தாவது நொடியில் யாரோ சக்கரத்துக்குள் மணல் கொட்டியதுபோல் ஆனது. இருபதுக்கு மேல் தொடை என்னுடையதாகவே இல்லை. இறங்கி மூலையில் இருந்த பக்கெட்டில் வாந்தி எடுத்தேன். மேடம் என் முதுகைத் தடவிக்கொண்டே திரையைக் காட்டினார். நான் மிதித்த வலுவைக் காட்டும் கோடு, மலை உச்சியிலிருந்து சரிவில் உருள்வதுபோல.

அந்தக் கோட்டை வைத்து அவர் நடத்திய பாடம் சாகும்வரை மறக்காது. தசைக்குள் உடனடிச் செலவுக்கென்று பாஸ்போகிரியாட்டின் என்றொரு சேமிப்பு இருக்கிறது. முழு வேகத்தில் போனால் பத்து நொடி தாங்குவதே அதிகம். பளு தூக்கும் போட்டியில் இருக்கும் ஸ்னாட்ச் (ஒரே வீச்சில் தலைக்குமேல்), கிளீன் அண்ட் ஜெர்க் (முதலில் தோளுக்கு, பிறகு தலைக்குமேல்) இரண்டுமே இந்தச் சேமிப்பில்தான் நடக்கின்றன. செலவழிந்தது ஏறக்குறைய முழுதாக நிரம்ப மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் ஆகும். அதற்குள் தூக்கப்போனால் பாதி காலியான பாத்திரத்தில் கரண்டியை விடுகிற கதைதான். அன்று ராத்திரி விடுதிப் படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கொட்டகையிலிருந்து பூவரச மரம் வரை மெதுவாக நடந்து திரும்பினால் மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடவே ஆகும். அங்கேயே அழுதேன். போன் போட்டு மாஸ்டரிடம் சொன்னதற்கு, "எனக்கு எங்க மாஸ்டர் சொன்னாரும்மா, அவருக்கு யார் சொன்னாங்களோ" என்றார்.

இந்தப் படிப்புக்கு நான் மனதார மதிப்பெண் போடுவது இதற்காகத்தான். களத்தில் கைப்பழக்கமாக இருப்பதில் எது சரி, எது தப்பு என்று அளந்து பார்க்கக் கற்றுக்கொடுக்கிறது.

தப்பாக இருந்ததையும் இதே படிப்பு காட்டிக்கொடுத்தது. பயிற்சி நடுவில் தண்ணீர் குடிக்க மாஸ்டர் விடமாட்டார், வயிறு கனக்கும் என்பார். நம் வேலூர் வெயிலைப் பற்றி யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. கோடை விடுமுறைக்கு வந்தபோது, அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது, ஒரு டிஜிட்டல் தராசு வாங்கிக்கொண்டுபோய்க் கொட்டகை வாசலில் வைத்தேன். பயிற்சிக்கு முன்னால் ஒரு முறை, முடிந்ததும் வியர்வையைத் துடைத்துவிட்டு ஒரு முறை. ஒரு பையன் 52 கிலோவில் ஏறினான், இரண்டு மணி நேரம் கழித்து 50.8. அந்த நேரத்தில் குறைவது அநேகமாக எல்லாம் தண்ணீர்தான், ஒரு கிலோ என்றால் சுமார் ஒரு லிட்டர். நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் போய்விட்டது. அந்த அளவு தாண்டினாலே உடல் தளர ஆரம்பிக்கும் என்று படித்திருக்கிறேன். மாஸ்டர் நம்பவில்லை. தராசைத் தரையில் நகர்த்திவைத்து மறுபடி ஏறச்சொன்னார். அதே 50.8. அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் போனால் கொட்டகைக்குள் மணல்மேல் ஒரு மண்பானை, பக்கத்திலேயே உப்புப் போட்ட மோர் ஒரு குண்டான். வியர்வையில் உப்பும் போகிறது என்று நான் சொன்னது காதில் விழுந்திருக்கிறது.

இனி குறைகள். முதல் செமஸ்டர் தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்குத் தண்ணியில்லாக் காடு. தசைக்குள் இருக்கும் நுண்ணிய இழைகளையும் பகுதிகளையும் ஆக்டின், மயோசின், சார்கோமியர் என்று வகுப்பில் வேகமாகச் சொல்லிக்கொண்டே போனார்கள். விடுதியில் ஒரு சீனியர் அக்கா இரண்டு சீப்புகளை எதிரெதிரே வைத்து ஒன்றுக்குள் ஒன்றை நுழைத்துக் காட்டிய பிறகுதான் தசை எப்படிச் சுருங்குகிறது என்பதே எனக்குப் புரிந்தது. அதை வகுப்பிலேயே செய்திருக்கலாம்.

அடுத்தது லேப். சேர்க்கை நாளில் எங்களுக்குச் சுற்றிக் காட்டிய மிஷின்களில் பாதி, மூன்று வருடத்தில் ஒருநாள்கூட ஓடவில்லை. கால் தரையை எவ்வளவு விசையோடு அழுத்துகிறது என்று அளக்க, தரையில் பதித்திருந்த ஃபோர்ஸ் பிளேட் பழுது, பழுது என்றே காலம் போனது. நாற்பது பேருக்கு ஒரே டிரெட்மில். முகத்தில் மாஸ்க் கட்டி, மூச்சை அளந்து, உடல் எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கிறது என்று பார்க்கும் சோதனையில் நான் ஓடியது ஒரே ஒரு தடவை. மற்ற நேரமெல்லாம் நோட்டில் எண் எழுதினேன். அம்மாவின் நாலு சவரன் செயினை அடகு வைத்துக் கட்டிய பணம் அது. போன தையில்தான் மீட்டோம். அதனால் இந்தக் குறையை என்னால் லேசாகச் சொல்ல முடியவில்லை.

உடல் அசைவை அளந்து ஆராயும் பயோமெக்கானிக்ஸை நாங்களாகவே கற்றுக்கொண்டோம் என்றுதான் சொல்லவேண்டும். போனைப் பக்கவாட்டில் வைத்துப் படம் எடுத்து, ராடின் முனையில் மஞ்சள் டேப் ஒட்டி, கினோவியா என்கிற இலவச மென்பொருளில் அது போகும் பாதையை வரைந்து பார்ப்போம். என் ராடு உடம்பைவிட்டு விலகிப் போகிறது என்பதை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். இன்னொன்றும் அங்கே தெரிந்தது. பெண்களுக்கான ராடு 15 கிலோ, 25 மில்லிமீட்டர் தடிமன். ஆண்களுடையது 20 கிலோ, 28 மில்லிமீட்டர். கொட்டகையில் பெண் பிள்ளைகள் எல்லாரும் ஆண்கள் ராடையே பிடித்து வளர்ந்தவர்கள். மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும், சின்னக் கைக்கு அது பெரிய வித்தியாசம். உளவியல், புள்ளியியல் எல்லாம் இருந்தன, பரவாயில்லை.

வேலையைப் பற்றி அம்மாக்கள் கவனமாகக் கேட்டுக்கொள்ளவேண்டும். இந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் ஆக முடியாது. அதற்கு பி.பி.எட். (உடற்கல்விப் பட்டம்) போன்ற தனிப் படிப்பு வேண்டும். பிசியோதெரபியும் இது இல்லை, அது வேறு பட்டம். பயிற்சியாளர் ஆகவேண்டுமென்றால் பாட்டியாலாவில் 1961-ல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமோவைத்தான் களத்தில் மதிக்கிறார்கள். சேர்க்கை நேரத்தில் எங்களுக்கு இதையெல்லாம் யாரும் பிரித்துச் சொல்லவில்லை. என்னோடு படித்தவர்களில் சிலர் மேலே எம்.எஸ்சி. போனார்கள், சிலர் ஜிம்மில் இருக்கிறார்கள். நான் காட்பாடியில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறேன், சாயங்காலம் கொட்டகை.

பிள்ளைக்கு விளையாட்டு உயிர், கூடவே "ஏன் இப்படி?" என்று கேட்கிற குணமும் இருக்கிறது என்றால் தாராளமாகச் சேருங்கள். பயாலஜி பிடிக்காது, மைதானம் மட்டும் போதும் என்கிற பிள்ளையை இந்தப் படிப்புக்குள் தள்ளிவிடாதீர்கள். சேர்வதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். முதல்வர் அறையில் காட்டும் புத்தகத்தை வைத்துவிட்டு லேபுக்குப் போய் டிரெட்மில் பெல்ட்டைப் பாருங்கள், ஷூ தடம் இருக்கிறதா என்று. இரண்டாம் வருடப் பிள்ளை ஒருத்தியைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ இதில் எத்தனை தடவை ஏறியிருக்கே கண்ணு?" என்று கேளுங்கள்.

மேற்கொண்டு சந்தேகம் இருந்தால் சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் கொட்டகைக்கு வாங்க, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு. தராசு வாசலிலேயே இருக்கிறது.