காசிமேட்டு ஏலத்தில் ஒரு கேனான் ஆர்50

ஆறு மாதமாக ஞாயிறுதோறும் காசிமேடு மீன் ஏலத்துக்கு இந்தக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்வருகிறேன், அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

கையில் இருந்தது சீட்டு எடுத்த பணம், 70,000. அதையொட்டிப் பார்த்ததில் சோனி இசட்வி-இ10, நிக்கான் இசட்30, கேனானில் ஆர்100, ஆர்50 என்று நாலு தேறின. சோனி, நிக்கான் இரண்டிலும் வியூஃபைண்டர், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் ஜன்னல், கிடையாது. வீட்டுக்குள் உட்கார்ந்து வீடியோ எடுப்பவருக்கு அது வேண்டாம்தான், ஆனால் காலை ஒன்பது மணி வெயிலில் துறைமுகத்தில் நின்றால் திரையில் என் மூஞ்சிதான் தெரியும். ஆர்100இல் வியூஃபைண்டர் உண்டு, விலையும் குறைவு. திரைதான் திரும்பாது, தொட்டாலும் வேலை செய்யாது. செல்போனில் பழகிய விரலுக்கு அது சரிப்படவில்லை.

அதனால் ஆர்50. கூட வரும் 18-45 எம்எம் ஜூம் லென்ஸோடு சேர்த்து அரைக் கிலோதான், அரைக் கிலோ நெத்திலி வாங்கின மாதிரி. ஃபோகஸ் அபாரம்: மனிதர், நாய், பூனை, பறவை என்று தானே கண்டுபிடித்துக் கண்ணைப் பிடித்துக்கொள்கிறது, கூடைக்குப் பின்னால் பதுங்கும் துறைமுகத்துப் பூனை உட்பட.

சிக்கல் அந்த லென்ஸில். 18இலேயே எஃப்/4.5, 45க்கு இழுத்தால் 6.3; இந்த எண் ஏற ஏற உள்ளே வரும் வெளிச்சம் குறையும். விடிவதற்கு முன் லைட் வெளிச்சத்தில் ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தை உணரும் அளவை, 6400, 12800 என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டும், படத்தில் மணல் கொட்டின மாதிரி புள்ளி புள்ளியாக வரும். கேமரா பாடியில் ஆட்டத்தைச் சமன்செய்யும் ஸ்டெபிலைசேஷன் இல்லை. லென்ஸில் இருக்கிறது, ஆனால் அது நம் கை நடுக்கத்துக்குத்தான் உதவும், ஏலம் கூவுகிறவர் கையை வீசினால் அது கலங்கலாகத்தான் விழும். இரண்டு மாதம் கழித்து ஆர்எஃப் 50 எஃப்/1.8 வாங்கினேன். 6.3ஐவிட 12 மடங்கு வெளிச்சம்! என்ன, இந்தச் சின்ன சென்சாரில் அது 80 எம்எம் மாதிரி நெருக்கிக் காட்டும், நாலடி பின்னால் நகர வேண்டும், நமக்குப் பின்னால் எப்போதும் ஐஸ் பெட்டி இருக்கும். இப்போது வாங்குகிறவர்கள் பணத்தை முழுக்கப் பாடியில் போட்டுவிடாமல் இந்த லென்ஸுக்கும் ஒதுக்கி வையுங்கள்.

அப்புறம் ஃபிளாஷ். கல்யாண ஃபோட்டோ எடுக்கும் மச்சான் பழையதைத் தூக்கிக் கொடுத்தான், மாட்டினால் எரியவே இல்லை. ஃபிளாஷ் மாட்டும் இதன் ஷூவில் பழைய பின்களுக்கான இணைப்பே இல்லை, ஏடி-இ1 என்ற அடாப்டர் தனியாக வாங்க வேண்டுமாம். மழையும் உப்புக் காற்றும் உள்ளே புகாமல் தடுக்கும் சீல் கிடையாது, வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் ஒருமுறை, காய்ந்த துணியால் ஒருமுறை துடைக்கிறேன்.

சின்னதாக இருப்பதில் ஒரு லாபம், யாரும் விறைத்துக்கொள்வதில்லை. “இன்னா தம்பி, டிவியா?” என்று கேட்ட அக்கா, கேமராவைப் பார்த்ததும் “இத்துனூண்டு கீது, படம் வுழுமா?” என்று சிரித்துவிட்டு, வஞ்சிரத்தைத் தூக்கிப் பிடித்து நின்றார். படம் விழுந்தது. இந்த ஞாயிறு பிரிண்ட் போட்டுக் கொண்டுபோகணும், இல்லையென்றால் எனக்கு மட்டும் சங்கரா விலை ஏறிவிடும்.